பீடத்தில் ஒரு பிடி சோறு

சங்கரன்கோவில் ராணுவப் பயிற்சிப் பள்ளி வாசலில் நின்ற தளபதியின் வெண்கலச் சிலை, காக்கை எச்சத்தால் இன்றும் வெளுத்திருந்தது. அதன் பீடத்தில் ஆவுடையம்மாள் வழக்கம்போலக் காக்கைக்குச் சோறு வைத்தாள்.

வாட்ச்மேன் சுடலைமுத்து வாளியோடு ஓடி வந்தான்.

“தெனமும் கழுவிக் கழுவி என் கை தேஞ்சிட்டு, யக்கா! ஒங்க வீட்டு மாடியில வச்சா என்ன?”

“அங்கன வச்சாப் போதாது, தம்பி.”

“சண்டையில ஜெயிச்ச தளபதிக்கு இந்தக் கதியா?”

“பின்னாலேயே படை வருதுன்னு இவரு சொன்ன பொய்ய நம்பித்தான் எம் மவன் முன்னால போய்ச் செத்தான்.”

சுடலைமுத்து வாளியைக் கீழே வைத்தான். ஒரு காக்கை பறந்து வந்து தளபதியின் தொப்பிமேல் உட்கார்ந்தது.

ஆவுடையம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

“ஆற அமர இருந்துட்டுப் போ, மக்கா!”