பின்மூடிக்குள்ளே

"அண்ணே, நீங்க குடுத்த பழைய லென்ஸ் ஆட்டோஃபோகஸே ஆவல. நாளைக்குத் திண்டிவனத்துல கல்யாண ஆர்டர்!" என்று விழுப்புரம் கேமராக் கடைக்குள் நுழைந்ததுமே குமுறினான் இனியவன்.

கடைக்காரர் விருத்தாசலத்துக்குச் சுருக்கென்றது. "கடைக்கு வந்தப்பவே நானே டெஸ்ட் பண்ண லென்ஸ் தம்பி. கொண்டா."

பக்கவாட்டுச் சுவிட்ச் ஆட்டோவில்தான் இருந்தது. வேறு கேமராவில் மாட்டினார், அப்போதும் அசையவில்லை. கழற்றித் திருப்பினார். கேமராவைத் தொடும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகளின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சந்தனம்! ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சியா? லென்ஸுக்குக் காதே இந்தப் புள்ளிங்கதாம்பா. அத அடைச்சிட்டா கேமரா சொல்றது எப்படிக் கேக்கும்? படிச்ச புள்ள, பேஜாரு பண்றியே!"

ரப்பரால் தேய்த்து மாட்டியதும் லென்ஸ் விர்ரென்று ஓடியது.

இனியவன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, நாங்க வேதக்காரங்க. நாளைக்கு எடுக்கப் போறதே சர்ச்சுக் கல்யாணந்தான். எங்க வீட்ல ஏது ஆயுத பூஜை?"

விருத்தாசலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே வைத்தால் கறை தெரியும், விலை போகாது என்று, பூஜையன்று கடையிலிருந்த லென்ஸ்களின் பின்மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பொட்டு வைத்த விரல் யாருடையது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"டீ சொல்றேன், உக்காரு தம்பி. அந்த ரப்பர மட்டும் இப்படிக் குடு" என்றபடி, அலமாரியில் மிச்சமிருந்த பதினோரு லென்ஸ்களையும் இறக்கத் தொடங்கினார்.