குட்டிச் சட்டை

மாமனார் ஆஸ்பத்திரியின் ஒப்புதல் படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். காலையிலிருந்து இது இரண்டாவது படிவம்.

“உங்களுக்கென்ன பைத்தியமா மாமா?” மருமகன் கத்திய கத்தலில், தொட்டிலில் கிடந்த மூன்று நாள் குழந்தை வீரிட்டு அழுதது.

“புள்ளைக்கு சுன்னத் வேண்டாம். அவ்வளவுதான்.”

“என் புள்ளைக்கு எது வேணும், வேண்டாம்னு நான் முடிவு பண்றேன். எனக்கும்தான் பண்ணாங்க, செத்தா போயிட்டேன்?”

மாமனார் குனிந்து தொட்டிலை ஆட்டினார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடமாகக் கத்தரியும் கையுமாக இருக்கும் தையல்காரர், ஒரு சின்ன வெட்டுக்கு இந்தக் கூத்தடிக்கிறார்! பிடிவாதத்துக்குப் பேர்போன மனிதர்தான். ஆண் சட்டைக்கு வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம் என்று பொத்தான் இருக்க வேண்டும்; மாறிப்போனால் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டுவிடுவார்.

கஞ்சத்தனமும் குறைவில்லை. நேற்று பேரனுக்கென்று கொண்டுவந்தது மஞ்சளடித்துப்போன ஒரு பழைய குட்டிச் சட்டை. “எனக்குத் தைச்சதா இருக்கும், எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காரு பாருங்க” என்று மனைவி பூரித்துப்போனாள். ஒற்றைப் பெண், அப்பாவை விட்டுக்கொடுப்பாளா?

நர்ஸ் மூன்றாவது படிவத்தோடு வந்தார். குடும்பத்தில் சர்க்கரை, இதய நோய், ரத்தக் கோளாறு என்று நீண்ட கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்று விறுவிறுவெனக் குறித்தான். கையெழுத்துப் போடும் நேரத்தில் மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையை எடுங்க! பெத்தவன் நானா, நீங்களா?”

“கெஞ்சிக் கேக்கறேன் மாப்பிள்ளை.”

“அப்ப காரணத்தைச் சொல்லுங்க!”

“சொல்ல மாட்டேன்னு இவ அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். அவ சாகற வரைக்கும் காப்பாத்திட்டேன்.”

“நல்லா இருக்கு நியாயம்! இதையும் எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க.” அவன் வீசியெறிந்த குட்டிச் சட்டை மனைவியின் மடியில் போய் விழுந்தது.

அழுதுகொண்டே அதை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். தையல்காரர் மகள் அல்லவா, கண் நேராகப் பொத்தானுக்குத்தான் போனது.

“வலப்பக்கம் இருக்கேப்பா. இது என்னோடது இல்லையே, யாரோடது?”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உன் அண்ணனோடதும்மா. அறுத்த இடத்துல அவனுக்கு ரத்தம் நிக்கவே இல்ல.”