முதல் மார்க்காரரின் மனைவி

கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் லேபிலேயே நின்றாள்.

"என்னம்மா, சந்தேகமா?" என்றார் நெட்வொர்க்கிங் ஆசிரியர். "வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்கு? போன வருஷம் உங்க வீட்டுக்காரர்தான் இந்த வகுப்புல முதல் மார்க். அவரைக் கேளுங்க."

"அவர்கிட்ட கேட்க முடியாது சார்."

"ஏன், அவ்வளவு கோபக்காரரா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செஞ்சேன். எங்க வைஃபையில என்னென்ன இணைஞ்சிருக்குன்னு பார்த்தேன். நாலு கேமரா இருக்கு."

"பாதுகாப்புக்கு வச்சிருப்பார்."

"ஒண்ணு குளியலறை விளக்குக்குள்ள இருக்கு சார்."

ஆசிரியருக்குப் போன வருஷம் நினைவுக்கு வந்தது. கண்ணில் படாமல் கேமரா வைப்பது எப்படி என்று வகுப்பு முடிந்த பிறகும் வந்து வந்து கேட்டவன் இவள் கணவன். கடையில் திருட்டு நடக்கிறது என்று சொன்னான். இவர்தான் பொறுமையாக விளக்கினார்.

"உடனே கழட்டிடலாம்மா."

"கழட்டினா அடுத்த நிமிஷம் வந்து நிப்பார். அக்காகிட்ட போன்ல அழுததுக்கே என் கையை உடைச்சார். அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு இப்பதான் புரியுது."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் வெளியேறணும். அது வரைக்கும் நான் சமையலறையில நிக்கிற பழைய படமே கேமராவுல அவருக்குத் தெரியணும். அதைச் சொல்லிக் கொடுங்க சார்."

ஆசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டரை மறுபடி போட்டார்.