தில்லையடியில் தனாகா சான்

"வாய் எங்க போயிட்டு, ஆதிலா? வாயும் கையும் ஒண்டாப் போகணும்."

றுமானா மிஸ் கேட்டதும், கட்டிலில் படுத்திருந்த தனாகா சானின் தோளைப் பிடித்தபடி ஆதிலா அப்படியே நின்றாள்.

தனாகா சான் என்பது பாடத்துக்காக வைத்த பெயர். படுத்திருந்தவர் றுமானா மிஸ்ஸின் உம்மா. முக்காடு கலையாமல், கழுத்துவரை போர்த்திக்கொண்டு, ஜப்பானில் ஏதோ ஒரு முதியோர் இல்லத்து நோயாளியாக அவர் கிடந்தார்.

தில்லையடி வீட்டின் இந்த அறைதான் வகுப்பு. கரும்பலகை கிடையாது. தண்ணீர்ச் சட்டி, துவாய், கஞ்சிக் கோப்பை, கரண்டி. துடைக்கும்போது துடைப்பதற்கான ஜப்பான் மொழி. ஊட்டும்போது ஊட்டுவதற்கானது. வாசல் திரைக்கு உள்ளே தமிழ் கூடாது. கோபம் வந்தால் மிஸ்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு.

றுமானா மிஸ்ஸிடம் போனால் ஊமையும் கதைக்கும் என்று கற்பிட்டி முழுக்கக் கதை. அதை நம்பித்தான் ஆதிலா இன்றைக்கு முதல் நாளாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

புத்தகம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான போன நேர்முகத்தில் ஒரு பொம்மையைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னபோது, வாய் திறக்காமல் திருப்பினாள். தொடுமுன் தொடப்போவதைச் சொல்லவேண்டும். அது அவர்களுடைய முறை. சொல்லாமல் தொட்டவளை அவர்கள் எடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய் இன்னொரு நேர்முகம். மிஸ் சரியென்றால்தான் பெயர் போகும். இல்லையென்றால் மறுபடியும் குவைத்து, மறுபடியும் யாரோ ஒருத்தியின் குசினியில் சமையல்.

"திரும்பவும்," என்றார் மிஸ்.

சொல் தொண்டைவரை வந்தது. நடிக்கிற மனுசியிடம் தானும் நடித்துக் கதைக்க வெட்கமாக இருந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. கை தன்பாட்டில் திருப்பிவிட்டது.

திரைக்கு அப்பால் முறைக்குக் காத்திருந்த ஜெசிக்கா விடவில்லை. "என்ன புள்ள, மாமியத் திருப்புறியா, மீன்பெட்டியப் புரட்டுறியா?"

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். தனாகா சான் சிரிக்கவில்லை. கையைக் காலைக் கொடுத்து உதவவும் இல்லை. முழுப் பாரமும் ஆதிலாவின் முழங்கையில். மனுசி என்ன நடிப்பு நடிக்குது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

திரும்பவும். திரும்பவும். பின்னேரத்து அஸர் பாங்கு கேட்கும்வரை.

"இண்டைக்குப் போதும்," என்றார் மிஸ். சரி என்றும் சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை.

ஆதிலாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கட்டில் பக்கம் குனிந்து, இவ்வளவு நேரமும் கிடந்து களைத்த மனுசிக்குக் கை நீட்டினாள்.

"எழும்புங்க மாமி. பாடம் முடிஞ்சிட்டு."



ஜெசிக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாமியின் காதருகே குனிந்து ஜப்பான் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகுதான், போர்வை மறைத்திருந்த சிறுநீர்ப் பையைக் கழற்றினாள்.

"அவவுக்கு எழும்ப ஏலாது, ஆதிலா," என்றார் மிஸ். "படுக்கையில விழுந்து ரெண்டு நோன்புப் பெருநாள் போயிட்டு. உம்மாவ விட்டுட்டு நான் எங்க போய்ப் படிப்பிக்க? வகுப்ப இஞ்ச கொண்டுவந்தன். அதுவரைக்கும் அவவப் பராமரிக்க வந்தவங்க எல்லாம் மூட்டையப் புரட்டுற மாதிரித்தான் புரட்டினாங்க. அவவுக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தொட்டது இந்தப் பிள்ளைகள்தான்."

ஆதிலாவின் கை நீட்டியபடியே நின்றது. பின்னுக்கு எடுக்கவும் முடியவில்லை.

"தே ஓ ஸவரிமஸ் நே."

உங்கள் கையைத் தொடப்போகிறேன். புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. மாமியின் கண்களைப் பார்த்தாள், கொஞ்சம் பொறுத்தாள், பிறகு அந்தக் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள்.

மிஸ் துவாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமைக்கு நல்ல வெள்ளைச் சட்டை ஒண்டு இருக்கா, இல்லாட்டி என்டதத் தரவா?"