அடுத்த வீட்டு ஜுரம்

சுவருக்கு அந்தப் பக்கம் முருகையன் ஜுரத்தில் முனகும் சத்தம் கேட்டது. ராஜம்மாளுக்கு வயிறு எரிந்தது.

அவருக்கு மட்டும் எப்படி வருகிறது?

அவருக்கும் ராஜம்மாளின் புருஷன் இராமலிங்கத்துக்கும் ஒரே நோய், மூத்திரப்பையில் புற்று. வாரா வாரம் போல நேற்றும் ஒரே பஸ்ஸில் வேலூர் போய், ஒரே டாக்டரிடம் ஒரே மருந்தை உள்ளே ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை திரும்பினார்கள்.

எண்பத்தேழாம் வருஷத்தில் அது புது வைத்தியம். குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் தோளில் குத்துவார்களே, அதே பி.சி.ஜி. மருந்துதான். மருந்தில் இருக்கும் கிருமியை விரட்ட உடம்பு கிளம்பும், கிளம்பின கையோடு புற்றையும் சேர்த்து அடிக்கும் என்றார் டாக்டர். ஜுரம் வந்தால் பயப்பட வேண்டாம், உடம்பு விழித்துக்கொண்டது என்று அர்த்தமாம்.

வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை. ராஜம்மாளும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஒவ்வொரு முறையும் முருகையனுக்கு மறுநாளே ஜுரம் அடித்தது. அவர் மனைவி திரௌபதி, மகன் பாஸான சேதி போல அதைத் தெருக்குழாயில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இராமலிங்கத்தின் உடம்போ சாணி மெழுகிய தரை மாதிரி ஜில்லென்று கிடந்தது.

பௌர்ணமிக்கு மலை சுற்றியது இரண்டு பெண்களும்தான். அதிலும் திரௌபதி பாதி வழியில் செருப்புப் போட்டுக்கொண்டாள். அண்ணாமலையாரே ஓரவஞ்சனை செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உங்க உடம்புக்கு ரோஷமே கெடையாதா?" என்று காலையில் புருஷனிடம் கத்தியும்விட்டாள்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது அவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

கழுத்திலும் சூடு. "அண்ணாமலையாரே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திட்டியதற்கும் சேர்த்து.

வேர்வையைத் துடைக்கச் சட்டைக்குள் துண்டை விட்டாள். அக்குளிலிருந்து உரித்த வெங்காயம் ஒன்று உருண்டு பாயில் விழுந்தது.

உடம்பைச் சுடவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பிள்ளைகள் செய்கிற வேலை.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இமை மட்டும் துடித்தது.

"அக்கா, அண்ணனுக்கு ஜுரம் வந்துதா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திரௌபதி கேட்டாள்.

ராஜம்மாள் வெங்காயத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து, போர்வையை இழுத்து மூடினாள்.

"வந்துடுச்சி திரௌபதி! உன் வூட்டுக்காரரவிட ஜாஸ்தி!"