நான்காவது கூந்தல்

சிலி நாட்டின் கமரோனெஸ் பள்ளத்தாக்கிலிருந்து தொல்லியல் ஆய்வாளர் ஹிமேனா கொண்டுவந்த நான்கு கூந்தல் கற்றைகளையும் ஆய்வகத்தில் ஒஸ்வால்டோ சோதித்து முடித்திருந்தார்.

"நீ சந்தேகப்பட்டது சரிதாம்மா. எல்லாத்துலயும் ஆர்சனிக். அந்த ஆத்துத் தண்ணியில இருக்கிற விஷம், குடிச்சுக் குடிச்சு முடி வரைக்கும் ஏறியிருக்கு. அங்க அத்தனை குழந்தை மம்மிகள் கிடைக்கிறது சும்மா இல்ல."

ஏழாயிரம் வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளத்தாக்குத் தாய்மார்கள், இறந்து பிறந்த சிசுக்களை மண்ணுக்குக் கொடுக்க மனமில்லாமல், உடலைப் பதப்படுத்தி, களிமண்ணில் முகம் செய்து கூடவே வைத்திருந்தார்கள்.

"நாலாவது?" என்று கேட்டாள் ஹிமேனா.

"அதை ஏன் கேக்கிறே? அவளுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். பாவம், ஒரு குழந்தையைக்கூட உயிரோட பாத்திருக்க மாட்டா."

"பாக்கல. எல்லாமே வயித்துலயே போச்சு."

"முடியைப் பாத்தே அதைச் சொல்லுவியா?" என்று சிரித்தார் ஒஸ்வால்டோ. "சரி, இவ எந்தக் காலத்து மம்மி?"

ஹிமேனா கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருக்கும்மா?"

"என் தங்கச்சி டெல்மாவுக்கு. அந்த நாலாவது முடி அவளோடதுதான் சார். இப்ப மறுபடியும் முழுகாம இருக்கா."

ஒஸ்வால்டோவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"சொல்லுக்கா," என்றது மறுமுனை. "வெயில்ல வந்தேன், மூச்சு வாங்குது. இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்."

"குடிக்காதே! கீழே வை!"

"எதுக்குக்கா கத்துறே?" டெல்மா சிரித்தாள். "நம்ம ஆத்துத் தண்ணிதானே."