பீப்பாயில் பிடித்த பாட்டில்

“உடனே முழுங்காத. வாயிலயே வெச்சிகினு இரு” என்றான் இளஞ்செழியன்.

அண்ணன் சொன்னபடியே செய்தான் மாணிக்கவேல். முதலில் ஆஸ்பத்திரி வாடை. அப்புறம் புகை. தொண்டையில் இறங்கிய பிறகும் நாக்கில் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

காசு கொடுத்து இதைக் குடிப்பார்களா என்று இருந்தது. ஆனால் அப்பாவின் முதல் திவசத்துக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த அண்ணன், துணிகளுக்கு நடுவே பொத்திப் பொத்திக் கொண்டுவந்த விஸ்கி பாட்டில். முகம் சுளிக்க முடியுமா?

திவசம் நேற்று முடிந்துவிட்டது. கீழே விசைத்தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. மாடி அறையில் இவர்கள் இருவரும், சித்தப்பா ரங்கசாமியும்தான்.

அந்தப் புகை மாணிக்கவேலுக்குப் புதிதில்லை. அப்பாவை எரித்த அன்று தூறல். ஈர விறகு பற்றாமல் புகைந்தது. வீட்டுக்கு வந்து தலை முழுகியும் முடியில் இதே வாடை.

மூத்தவன் போட வேண்டிய கொள்ளியை இளையவன் போட்டான். போட்ட கையோடு போனை வாங்கி வீடியோ காலில் சிதையை அண்ணனுக்குக் காட்டினான். திரையில் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பெற்ற அப்பனுக்கே வராதவன் வேறு எதற்கு வருவான் என்று முதலில் கேட்டவர் சித்தப்பாதான். மாணிக்கவேல் சண்டைக்கே போய்விட்டான். கெஞ்சியும் லீவு கொடுக்கவில்லை, பாவம், சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான் என்று வருடம் முழுக்க வீடு வீடாகச் சொன்னான். சித்தப்பாவோடு பல மாதம் பேச்சே இல்லை. முந்தாநாள் அண்ணன் வாசலில் வந்து இறங்கியபோது அவருக்கு முன்னால் இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

இரண்டாவது தம்ளரில் அண்ணன் உற்சாகமாகிவிட்டான். அங்கே ஒரு தீவில் மண்ணுக்கடியில் மக்கிய புல்லை வெட்டி எரித்து, அந்தப் புகையில் பார்லியை வாட்டுவார்களாம். இது ஒரே பீப்பாய்ச் சரக்காம். கடையில் கிடைக்காதாம்.

“அந்தத் தீவுக்கே போயி நானே பீப்பாயிலேர்ந்து புடிச்சிகினு வந்தேன். போன வருசம் ஜூலைல, இருவது தேதிக்கு மேல ஒரு வாரம் லீவு போட்டுட்டு ஃபிரண்ட்ஸோட அங்கதான் சுத்திகினு இருந்தோம். ஒரே மழை, பேஜாரு. ஆனா சரக்கு, பாரு.”

சொல்லிவிட்டு தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தான்.

திவசத்துக்குத் திதிதான் கணக்கு. இந்த வருடம் ஆடி அமாவாசை ஆகஸ்டில் வந்தது. அதற்கு டிக்கெட் எடுத்ததில், அப்பா போனதும் ஆகஸ்டில்தான் என்று அண்ணன் மனதில் நின்றிருக்கும். போன வருடம் அதே அமாவாசை ஜூலை இருபத்து நான்கில் வந்தது. அன்றைக்குத்தான் அப்பா போனார்.

சித்தப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனை அவர் பார்க்கவில்லை. மாணிக்கவேலைத்தான் பார்த்தார்.

கேலியாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான்.